ஒகேனக்கல் தண்ணீரைக் கையாலும் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட ஆட்சியர்களுக்கும், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியப் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

போர்வெல் தண்ணீரைக் குடித்துப் பல் பழுப்பேறி, மூட்டு மடங்காமல் போனவர்கள் நம் இரண்டு மாவட்டங்களிலும் இன்றும் இருக்கிறார்கள். குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டிய ஊர்களுக்காகவே ஜப்பான் கடனுதவியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கட்டப்பட்டு, 2013இல் தண்ணீர் வந்தது. அது நாலு நாள் நின்றால் ஜனங்கள் பழைய போர்வெல்லுக்குத்தான் குடத்தைத் தூக்குவார்கள். வேற்று நாட்டுக் கும்பல்கள் இணையம் வழியாக நுழைந்து இந்த பம்புகளை நிறுத்திவிட முடியும். அதனால் எல்லையில் நிற்கும் ராணுவத்துக்குக் கொடுக்கிற கவனத்தில் கொஞ்சத்தை இந்த பம்பு அறைகளுக்கும் கொடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நம்மூரை எந்த நாடு தேடி வரப்போகிறது என்று தோன்றலாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா என்ற சிற்றூரின் பூஸ்டர் நிலையத்தில் (தண்ணீர் அழுத்தத்தைக் கூட்டும் பம்பு நிலையம்) பிஎல்சி ஒன்று, அதாவது பம்பையும் வால்வையும் இயக்கும் சிறு கம்ப்யூட்டர் பெட்டி, இணையம் வழியாகப் பறிபோனது. செய்தது ஈரான் புரட்சிக் காவல் படையைச் சார்ந்த கும்பல் என்று அமெரிக்க அரசு அறிவித்தது. அந்த ஊர்மேல் அவர்களுக்கு ஒரு பகையும் இல்லை. அங்கிருந்த பிஎல்சி யூனிட்ரானிக்ஸ் என்ற இஸ்ரேல் கம்பெனியுடையது, அவ்வளவுதான். அந்த வகைப் பெட்டிகள் பல ஊர்களில் நேரே இணையத்தில் தெரிந்தன. கம்பெனி போட்டுக் கொடுத்த 1111 என்ற கடவுச்சொல்லும் மாற்றப்படாமல் கிடந்தது. அலிக்விப்பா ஆட்கள் உடனே பம்பைக் கையால் ஓட்டியதால் தண்ணீர் நிற்கவில்லை.

இன்னொரு வகை இதைவிட ஆபத்தானது. வோல்ட் டைஃபூன் என்று பெயரிடப்பட்ட சீனக் குழு, அமெரிக்க மின்சார, குடிநீர் அமைப்புகள் சிலவற்றில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாமல் சத்தமின்றி உட்கார்ந்திருந்ததாக 2024 பிப்ரவரியில் அந்நாட்டு அமைப்புகள் எச்சரித்தன. அவர்கள் எதையும் உடைக்கவில்லை. சண்டை மூளும் நாளுக்காக இடம் பிடித்து வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கும் கருவிகளையே பயன்படுத்தியதால் வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு அவர்களைக் கண்டுபிடிப்பது கடினம்.

இனி நம் பேனல்களுக்கு (பிஎல்சியும் சுவிட்ச்சுகளும் இருக்கும் கட்டுப்பாட்டு அலமாரிகள்) வருவோம். முதலில் பார்க்க வேண்டியது 4ஜி ரௌட்டர். தூரத்திலிருந்து அளவு பார்க்க வசதியாக சிம் போட்டுவிடுகிறார்கள். அந்த சிம்முக்குப் பொது ஐபி முகவரி இருந்தால் உலகத்தில் யாரும் கதவைத் தட்டலாம். மோட்பஸ் (தொழிற்கருவிகள் பேசிக்கொள்ளும் பழைய முறை) பேசும் பெட்டி 502 என்ற போர்ட்டில் (இணைப்பு வாசலில்) கடவுச்சொல்லே கேட்காது. யார் எழுதினாலும் ஏற்கும். டெலிகாம் கம்பெனியிடம் கேட்டுத் தனி ஏபிஎன் (பொது இணையத்தில் சேராத தனி சிம் பாதை) வாங்குங்கள், அதற்கு மேல் விபிஎன் (பூட்டிய ரகசிய இணைப்பு) போடுங்கள். பராமரிப்பு ஒப்பந்ததாரர் வைத்துவிட்டுப் போன எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற, தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்கும் மென்பொருள்கள் எல்லாம் நீக்கப்பட வேண்டும். அவருக்கு வேலை இருக்கும் நேரம் மட்டும் இணைப்பைத் திறந்து, முடிந்ததும் கேபிளைக் கழற்றுங்கள். பிஎல்சியில் சாவி இருந்தால் அதை ரன் (ஓட்டம் மட்டும்) நிலையில் திருப்பிக் கழற்றி, உதவிப் பொறியாளரின் பூட்டிய அலமாரியில் வையுங்கள். சாவி புரோகிராம் நிலையிலேயே தொங்கினால் தொலைவிலிருந்தே நிரலை மாற்றிவிடலாம்.

அலுவலக கம்ப்யூட்டரும் ஸ்காடா கம்ப்யூட்டரும் (பம்புகளைத் திரையில் பார்த்து இயக்குவது) ஒரே நெட்வொர்க் சுவிட்ச்சில் சேரவே கூடாது. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பிரிவு கம்ப்யூட்டர் ஒன்றில் தீநிரல் (கெடுதல் செய்யும் மென்பொருள்) இருந்ததை அணுமின் கழகமே ஒப்புக்கொண்டது. கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அது அங்கே போய்ச் சேரவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒருவன் நுழைந்துவிடலாம். அப்போது காப்பாற்றுவது மென்பொருள் தொடாத இரும்புதான், இதை நாங்கள் அழுத்திச் சொல்கிறோம். ஒகேனக்கல் பள்ளத்தில் இருக்கிறது. தண்ணீர் மேட்டுக்கு ஏற வேண்டும். ஓடுகிற பம்பு சட்டென்று நின்றாலோ வால்வு சில நொடியில் மூடினாலோ, ஏறிய தண்ணீர் திரும்பி மோதிக் குழாய் வெடிக்கலாம். ஆகவே வால்வு மூடும் வேகம் கியரிலேயே மெதுவாக அமைய வேண்டும், திரையில் மாற்றும் எண்ணாக இருக்கக் கூடாது. சர்ஜ் வால்வு (திடீர் அழுத்தத்தை வெளியே விடுவது) ஸ்பிரிங்கில் இயங்கட்டும். சம்ப்பின் (கீழ்நிலைத் தொட்டியின்) ஃப்ளோட் சுவிட்ச் (நீர்மட்டத்தைப் பார்த்து இயங்கும் மிதவை சுவிட்ச்) வயர் பிஎல்சி வழியாகச் சுற்றாமல் நேரே மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும். குளோரின் கரைசல் கலக்கும் இடங்களில் டோசிங் பம்பு (மருந்தை அளந்து விடும் பம்பு) முழு வேகத்தில் ஓடினாலும் அளவு மீறாதபடி சின்ன பம்பாக வாங்குங்கள். அது உறிஞ்சும் தொட்டியும் ஒரு நாள் தேவைக்கு மேல் பிடிக்கக் கூடாது.

உக்ரைனில் 2015 டிசம்பர் 23 அன்று மூன்று மின் விநியோக நிறுவனங்களில் தொலைவிலிருந்து ஊடுருவியவர்கள் இயக்க, ஊழியர் கண்ணெதிரே மவுஸ் தானாக நகர்ந்து பிரேக்கர்கள் (மின்பாதையைத் துண்டிக்கும் பெரிய சுவிட்ச்சுகள்) திறந்தன. சுமார் 2,25,000 நுகர்வோருக்கு மின்சாரம் போனது. துணைமின் நிலையங்களின் தொடர்புப் பெட்டிகளும் அழிக்கப்பட்டதால் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் சில மணி நேரத்தில் மின்சாரம் திரும்பியது. ஊழியர்கள் வண்டி எடுத்துப் போய்க் கையால் பிரேக்கரைப் போட்டார்கள். போடத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

நம்மிடம் அந்தக் கை இன்னும் இருக்கிறதா என்று சோதியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு நிலையத்தில் எட்டு மணி நேரம் செலக்டர் சுவிட்ச்சை மேனுவலில் போட்டு, திரையை அணைத்து ஓட்டிப் பாருங்கள். பிரஷர் கேஜ் செத்திருப்பதும், வால்வு துருப்பிடித்து இறுகியிருப்பதும், புதிதாக வந்த ஆபரேட்டருக்குத் தொட்டி அளவை யாரிடம் போனில் கேட்பதென்று தெரியாததும் அன்றுதான் வெளியே வரும். பிஎல்சி நிரலின் நகல் இரண்டு பென் டிரைவில் இருக்கட்டும், ஒன்று நிலையத்துக்கு வெளியே. உதிரி பிஎல்சியில் அந்த நகலை ஏற்றிப் பார்க்காதவரை அதை நகல் என்று கணக்கில் எடுக்காதீர்கள்.

சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யாதீர்கள், தடயம் போய்விடும். நெட்வொர்க் கேபிளை மட்டும் பிடுங்குங்கள். 2022 ஏப்ரல் 28 உத்தரவுப்படி ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு) தெரிவிக்க வேண்டும். லாக் பதிவுகள் (கம்ப்யூட்டரில் யார் எப்போது என்ன செய்தார் என்ற குறிப்புகள்) 180 நாள் இருக்க வேண்டும். யார் தெரிவிப்பது என்ற ஒரு பெயரும் போன் எண்ணும் ஒவ்வொரு பேனல் கதவின் உள்பக்கத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

முதல் மேனுவல் ஓட்டத்தைக் கோடைக்கு முன், மாசி மாதத்திலேயே வையுங்கள். சித்திரையில் வைத்தால், பழுது தெரிந்தாலும் நிறுத்திச் சரிசெய்ய நேரம் கிடைக்காது.

இப்படிக்கு,
பம்பு நிலையக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் வேலை செய்யும் இரு மாவட்டத்துப் பணியாளர்கள்