எம்மா டோனஹ்யூ ‘ரூம்’ நாவலோடு தொடங்கியவர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழில் எம்மா டோனஹ்யூ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அதிகம் பேசப்படாத ஓர் ஐரிஷ் எழுத்தாளருக்கு நான்கு பக்கம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி. ஆனால் அந்த நான்கில் மூன்றரைப் பக்கத்தை ‘ரூம்’ நாவலும் அதன் படமுமே எடுத்துக்கொண்டுவிட்டன. 2010இல் புக்கர் இறுதிப் பட்டியல், 2015இல் படம், அவர் எழுதிய திரைக்கதைக்கு ஆஸ்கர் பரிந்துரை, பிரீ லார்சனுக்குச் சிறந்த நடிகை விருது. எல்லாம் உண்மைதான். அதற்கு முந்தைய பதினாறு, பதினேழு வருட எழுத்து மட்டும் “சில நாவல்களும் நாடகங்களும் எழுதியிருந்தார்” என்ற ஒற்றை வரியில் முடிந்துபோனது. அவர் லெஸ்பியன் என்ற தகவல் கட்டுரையில் எங்குமே இல்லை. “குடும்பத்துடன் கனடாவில் வசிக்கிறார்” என்பதோடு சரி.

இது ஒருவரின் அந்தரங்கம், நாம் ஏன் பேச வேண்டும் என்று நாசூக்காக விட்டிருக்கலாம். ஆனால் அவரே முப்பது வருடமாக வெளிப்படையாகச் சொல்லிவரும் விஷயம் இது. அவர் எழுத்தின் பெரும்பகுதி அதிலிருந்து பிறந்ததுதான். அதை எடுத்துவிட்டுப் பார்த்தால் ‘ரூம்’ எங்கிருந்து வந்தது என்பதே புரியாது.

1969இல் டப்ளினில், எட்டுப் பிள்ளைகள் உள்ள கத்தோலிக்கக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தவர் எம்மா. அப்பா டெனிஸ் டோனஹ்யூ பெயர்பெற்ற இலக்கிய விமர்சகர். ஆணும் ஆணும் கொள்ளும் உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டத்தை அயர்லாந்து நீக்கியது 1993இல்தான். பெண்களைப் பற்றி அந்தச் சட்டம் எதுவுமே சொல்லவில்லை. அப்படி ஒன்று இருக்கும் என்றே நினைத்துப் பார்க்காத சட்டம் அது. அதே 1993இல் எம்மா இரண்டு காரியங்கள் செய்தார். 1668 முதல் 1801 வரை பிரிட்டனில் பெண்களை நேசித்த பெண்களின் வரலாற்றை ஆவணங்களிலிருந்து தேடியெடுத்து ஒரு நூலாக வெளியிட்டார். ஆன் லிஸ்டரின் நாட்குறிப்புகளை வைத்து எழுதிய ‘ஐ நோ மை ஓன் ஹார்ட்’ நாடகத்தை டப்ளினில் மேடையேற்றினார். அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயதுகூட நிறைந்திருக்காது.

ஆன் லிஸ்டர், யார்க்ஷயரைச் சேர்ந்த நிலச்சுவான்தார். 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பல லட்சம் சொற்களுக்கு நாட்குறிப்பு எழுதியவர். பெண்களோடு தனக்கிருந்த காதல் போன்ற அந்தரங்கங்களை கிரேக்க எழுத்துகளும் கணிதக் குறிகளும் கலந்த ரகசிய எழுத்தில் எழுதி வைத்தார். அதில் ஒரு பகுதியை ஹெலினா விட்பிரெட் பெயர்த்தெடுத்து 1988இல் அச்சில் கொண்டுவந்தார். ஐந்தே வருடத்தில் எம்மா அதை மேடைக்குக் கொண்டுபோனார். இன்று தொலைக்காட்சித் தொடர் மூலம் உலகமே அறிந்த பெயர் லிஸ்டர். அன்று நிலைமை அப்படி இல்லை.

அடுத்து வந்த நாவல்களில் ‘ஹுட்’ (1995) பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பென் என்ற பெண் டப்ளினில் கன்னியர் நடத்தும் பள்ளியில் ஆசிரியை. பதின்மூன்று வருடமாக அவள் நேசித்த காரா ஒரு விபத்தில் இறந்துபோகிறாள். கதை நடப்பது அந்த ஒரு வாரம்தான். புருஷனைப் பறிகொடுத்திருந்தால் ஊரே வந்து துக்கம் விசாரித்திருக்கும். பென்னோ, கூடத் தங்கியிருந்த தோழி போய்விட்டாள் என்று சொல்லித்தான் பள்ளியில் விடுப்புக் கேட்க முடிகிறது. ஒரு தோழிக்காக எத்தனை நாள் அழலாம்? இறுதிச் சடங்கில் எந்த வரிசையில் உட்காரலாம்? ஆர்ப்பாட்டம் ஏதுமில்லாமல் இந்த அளவு வலியைச் சொன்ன நாவல்களை நான் அதிகம் படித்ததில்லை. அமெரிக்க நூலக சங்கம் தன்பாலீர்ப்பு இலக்கியத்துக்காகத் தரும் விருது 1997இல் இதற்குக் கிடைத்தது. இந்த நாவலின் பெயராவது உங்கள் கட்டுரையில் வந்திருக்க வேண்டும்.

நாடகங்களும் அப்படித்தான். 1996இல் வந்த ‘லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்’, ஆனி ஹிண்டில் என்ற உண்மையான மேடைக் கலைஞரைப் பற்றியது. ஆண் வேடமிட்டுப் பாடிப் புகழ்பெற்றவர் ஹிண்டில். தனக்கு உடை அணிவிக்கும் பணியிலிருந்த ஆனி ரையனை 1886இல், தன் பெயரைச் சார்லஸ் என்று ஆண் பெயராகக் கொடுத்து, அமெரிக்காவில் பாதிரியார் முன்னிலையில் கல்யாணம் செய்துகொண்டார்! அப்புறம் வானொலி நாடகங்கள், அயர்லாந்தின் முக்கிய அரங்குகளுக்கு எழுதியவை என்று அந்த வரிசை இன்றுவரை நீள்கிறது.

‘ரூம்’ அவருடைய ஏழாவது நாவல். பதினோரடிக்குப் பதினோரடி அறை, ஒரு தாய், ஐந்து வயதுப் பையன் ஜாக். முழுக் கதையையும் அவன் குரல்தான் சொல்கிறது. அடைபட்ட ஓரிடத்தையும் ஒரே ஒரு குரலையும் நம்பி நாவலின் முதல் பாதி முழுவதையும் நடத்திச் செல்கிற துணிச்சல் நாடகம் எழுதிய கைக்கு வந்தது என்பது என் எண்ணம். 2017இல் அவரே அதை மேடைக்கு எழுதியபோது யாருக்கும் வியப்பு இருந்திருக்காது. 2020இல் வந்த ‘தி புல் ஆஃப் தி ஸ்டார்ஸ்’ நாவலும் 1918 டப்ளினில், கொள்ளைக் காய்ச்சல் பரவிய நாட்களில், கர்ப்பிணிகளுக்கான மூன்றே கட்டில் கொண்ட ஒரு சிறிய வார்டுக்குள் நடப்பது. அங்கே வரும் டாக்டர் கேத்லீன் லின் உண்மையில் வாழ்ந்தவர். மேடலின் பிரெஞ்ச்-மல்லன் என்ற பெண்ணோடு நீண்ட காலம் வாழ்ந்தவர். பூட்டிய அறைக்குள் பெண்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதை எம்மா தொடக்கத்திலிருந்தே கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்.

தமிழ் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றையும் கட்டுரை தவறவிட்டது. எம்மா நாவலாக எழுதிய எலைசா ரெய்ன் 1791இல் மதராஸில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆங்கிலேய அறுவை மருத்துவர், அம்மா இந்தியப் பெண். சிறுவயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட எலைசா, யார்க் நகரப் பள்ளி விடுதியின் பரண் அறை ஒன்றில் ஆன் லிஸ்டரோடு சேர்த்துத் தங்கவைக்கப்பட்டார். இருவருக்கும் பதினான்கு வயது. லிஸ்டரின் முதல் காதலி அவர்தான். பின்னாளில் லிஸ்டர் வேறு பெண்களை நாடிப் போனார். எலைசாவின் வாழ்க்கையோ பெரும்பாலும் மனநலக் காப்பகத்திலும் பிறர் பராமரிப்பிலுமே கழிந்து 1860இல் முடிந்தது.

2023இல் வந்த ‘லேர்ன்ட் பை ஹார்ட்’ எலைசாவின் பார்வையில் எழுதப்பட்ட நாவல். பள்ளிக்கூட நாட்கள் ஒருபுறம், காப்பகத்திலிருந்து 1815இல் அவர் எழுதும் கடிதங்கள் மறுபுறம். முப்பது வருடத்துக்கு முன் லிஸ்டரை மேடையில் பேசவைத்த அதே எழுத்தாளர், இம்முறை லிஸ்டர் விட்டுச் சென்ற பெண்ணின் பக்கம் வந்து நின்றிருக்கிறார். மதராஸில் பிறந்து, நிறத்தாலும் பிறப்பாலும் எங்கும் ஒட்ட முடியாமல் போன அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஒரு பத்திகூட இல்லாதது எனக்கு மனத்தாங்கலாகவே இருக்கிறது.

அடுத்து வரும் ஏதாவது ஓர் இதழில் எலைசா ரெய்ன் பற்றித் தனிக் கட்டுரை வெளியிடுங்கள். ‘ஹுட்’ நாவலின் முதல் அத்தியாயத்தையாவது உரிய அனுமதி பெற்று மொழிபெயர்த்துப் போடுங்கள். கூடவே, எம்மா தன் வாழ்க்கைத் துணையான கிறிஸ்டீன் ரௌல்ஸ்டன் என்ற பெண்ணுடனும் இரண்டு பிள்ளைகளுடனும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாழ்கிறார் என்று ஒரு வரித் திருத்தமும் வர வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகி