கிட்னிக் கல்லுக்குப் பத்தியம் சொல்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், நம்ம கொங்கு மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகள்ல கிட்னி பிரிவு பாக்கற டாக்டருங்களுக்கும் டயட்டீசியன்களுக்கும் பல்லடத்துப் பக்கமிருந்து வணக்கமுங்க.

எங்க வூட்டுக்காரரு பவர்லூம் ஓட்றவருங்க. 12 மணி நேர ஷிப்டு, சித்திரை வெயில்ல தகரக் கூரைக்கு அடியில நின்னா சட்டையப் பிழியலாம், தண்ணி எச்சாக் குடிச்சா அடிக்கடி வெளிய போகோணும் தறி நின்னுரும்னு ஒரு பாட்டல் தண்ணியிலயே பொழுத ஓட்டிருவாரு. மூணு வருசத்துக்கு முன்னால ஒரு நாள் விடியக்காலம் விலாவப் புடிச்சுட்டு திண்ணையில உருண்டவரை ஆம்னியில தூக்கிப் போட்டுட்டு ஓடுனோம். ஸ்கேன்ல கல்லுன்னாங்க, தானா விழுந்துருச்சு. வரும்போது ஒரு ஜெராக்ஸ் தாளு கையில குடுத்தாங்க. நான் எழுதறது பூராவும் அந்தத் தாளப் பத்தித்தானுங்க.

கீரை, தக்காளி, முந்திரி, சாக்லேட், ஸ்ட்ராபெர்ரி தவிர்க்கவும்னு அச்சுல இருந்துச்சு, அதுக்குக் கீழ பால் தயிர் வேண்டாம்னு பேனாவுல எழுதியிருந்தாங்க. அவ்வளவுதான். நாங்க தினமும் திங்கற அரிசிம்பருப்பு, கொள்ளுக் கடைசல், ராயிக்களி, மழை பேஞ்சா காட்டுல பறிக்கற தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, ஒண்ணு பேருகூட அதுல இல்ல. கேக்கலாம்னு திரும்பிப் பாத்தா பின்னால நாப்பது பேரு நிக்கறாங்க.

சரி, சொன்னதச் செஞ்சோம். ஒன்றரை வருசம் அந்த மனுசன் மோரு தொடல, ரசத்துல தக்காளிகூடப் போடல. ஆனா ஒடம்பு தேறட்டும்னு சொந்தக்காரங்க வாங்கித் தந்த பாதாம் பருப்ப ஊறவெச்சு தினமும் கைநிறையத் தின்னாரு, ஊறுகாயும் நிறுத்தல, ஏன்னா தாள்ல அதெல்லாம் இல்லைங்களே. மறுபடி கல்லு. எனக்கு அன்னைக்கு வந்த ஆத்தாமை இன்னும் அடங்கலைங்க, சொன்னபடி பத்தியம் இருந்த ஆளுக்கே இப்படியான்னு.

ரெண்டாவது தடவ வேற ஒரு டாக்டரம்மா, ஒண்ணுக்குல கல்லு விழுந்தா டீ வடிகட்டியில புடிச்சு எடுத்துட்டு வாங்கன்னாங்க. கடுகை விடக் கொஞ்சம் பெருசா, பழுப்பு நெறத்துல, தொட்டா முள்ளு முள்ளா இருந்துச்சு, மாத்திரைக் கவர்ல போட்டு எடுத்துட்டுப் போனேன். லேப்ல கால்சியம் ஆக்சலேட்னு வந்துச்சு. ஆக்சலேட்டுங்கறது கீரை, பாதாம் மாதிரி செடியில வர்ற சாப்பாட்டுல இருக்கற ஒரு பொருளுங்க, அது கால்சியத்தோட சேந்து கிட்னியில கல்லாயிருது. அப்புறந்தான் அந்தம்மா சொன்னாங்க, பால் தயிர நிறுத்துனதுதான் தப்பு, சாப்பாட்டோட கால்சியம் உள்ள போனா அது குடல்லயே ஆக்சலேட்டப் புடிச்சு மலத்தோட வெளிய தள்ளிரும், அது இல்லீன்னா ஆக்சலேட்டு ரத்தத்துல ஏறி கிட்னிக்கு வந்துரும்னு. எங்க பொண்ணு காலேஜ் படிக்கறா, அவளும் தேடிப் படிச்சுச் சொன்னா. 2002லயே இத்தாலியில அடிக்கடி கல்லு வந்த 120 ஆம்பளைங்கள அஞ்சு வருசம் பாத்திருக்காங்க, கால்சியத்தக் குறைச்ச 60 பேர்ல 23 பேருக்கு திரும்ப வந்துச்சு, கால்சியம் எப்பவும்போல எடுத்துட்டு உப்பையும் கறியையும் குறைச்ச 60 பேர்ல 12 பேருக்குத்தான் வந்துச்சு. இவ்வளவு வருசம் கழிச்சும் எங்க தாள்ல எதுக்குங்க தயிர் வேண்டாம்னு எழுதறீங்க? தக்காளியில ஆக்சலேட்டு கம்மிதான், அதையும் போயி தள்ளி வெச்சுட்டு பாதாம விட்டுட்டீங்களே.

கணக்கு இல்லாம இல்லைங்க. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல நம்ம நாட்டு உணவு 528க்கு சத்துக் கணக்கு புஸ்தகமாவே போட்டிருக்குது, ஆக்சலேட்டும் அதுல இருக்குது, தண்ணியில கரையறது எவ்வளவு கரையாதது எவ்வளவுன்னு பிரிச்சே குடுத்திருக்காங்க. ஆனா இங்கிலீசுல, நூறு கிராமுக்கு இவ்வளவுன்னு இருக்குது. அதைய எங்க கரண்டிக்கும் டம்ளருக்கும் மாத்திச் சொல்ல ஒரு ஆளு வேணுமுங்க. கீரையவே எடுத்துக்கோங்க, வேகவெச்ச தண்ணிய வடிச்சுக் கொட்டுனா கரையற ஆக்சலேட்டு நெம்பக் கொறையும், ஆனா நாங்க அந்தத் தண்ணியோடயே சட்டியில போட்டுக் கடையறவங்க. தண்ணிய வடிங்க, பாலக்கீரை மாதிரி ஆக்சலேட்டு எச்சா இருக்கற கீரைய அக்கட்டு வைங்க, தயிரோட சாப்பிடுங்கன்னு யாராச்சும் ஒரு வார்த்த சொல்லியிருந்தா போதும். அதைய விட்டுட்டு மொட்டையா கீரைன்னு எழுதுனதுல எங்க மாமியா பயந்துட்டு பேரப்புள்ளைக்குக்கூட ஆறு மாசம் கீரை ஆக்கல.

அதனால கேக்கறனுங்க. கல்லு விழுந்தா எடுத்துட்டு வாங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லுங்க, யூரிக் ஆசிட் கல்லா இருந்தா பத்தியமே வேற. தமிழ்ல, எங்க சாப்பாட்டு பேரு போட்டு ஒரே ஒரு தாளு அடிங்க, அதுல மொத வரியில தண்ணியப் பத்தி எழுதுங்க, ஒரு நாளைக்கு ரெண்டரை லிட்டர் ஒண்ணுக்குப் போற அளவுக்குக் குடிக்கோணும்னு அந்தம்மா சொல்ற வரைக்கும் எங்களுக்குத் தெரியாதுங்க. வைட்டமின் சி மாத்திரைய அளவுக்கு மீறிப் போட்டா அதுவும் ஆக்சலேட்டா மாறும்னு எழுதுங்க. வாழைத்தண்டு ஜூஸ், காப்புக் கட்டற பூளைப்பூ கசாயம்னு ஊர்ல ஆளாளுக்குக் குடிக்கறாங்க, கேட்டா திட்டாதீங்க, உக்கார வெச்சு பேசுங்க. 2021ல இருந்து மக்களைத் தேடி மருத்துவத்துல பிரசர் சுகர் மாத்திரை வூடு தேடி வருதில்லீங்களா, அதைக் கொண்டு வர்ற அம்மாக்களுக்கு இதையும் அரை நாள் சொல்லிக் குடுங்க, அவங்க சொன்னா எங்க சனம் கேக்கும். தறிக் குடோன்லயும் பனியன் கம்பெனியிலயும் வேலை செய்யற பொம்பளைங்க பாத்ரூமுக்குப் பயந்துட்டே தண்ணி குடிக்கறதில்ல, அவங்கள மறந்துராதீங்க.

அவரு இப்ப ரெண்டு லிட்டர் கேனு ரெண்டு கொண்டு போறாரு, மத்தியானச் சோத்துக்குத் தயிரு உண்டு. நீங்க தாளு அடிச்சுக் குடுத்தீங்கன்னா எங்கூரு ரேசன் கடைச் செவுத்துல நானே பசை காய்ச்சி ஒட்டறனுங்க.