பஸ்ஸில் பல் எண் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு

கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. பல் கிளினிக் ரிசப்ஷன் வேலைக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்றதும் என் நோட்டை வாங்கி, வாயை நான்கு பக்கமாகப் பிரிக்கப் பெரிய கூட்டல் குறி போட்டீர்கள். நோயாளியின் வலது மேல் பக்கம் 1, இடது மேல் 2, இடது கீழ் 3, வலது கீழ் 4. முதல் இலக்கம் பக்கம், அடுத்தது நடுவிலிருந்து எண்ணினால் எத்தனையாவது பல்; அப்படி 36 என்பது இடது கீழ் ஆறாவது பல், அதாவது முதல் கடைவாய்ப்பல். பால்பல்லுக்கு இதே நான்கு பக்கங்களும் 5 முதல் 8. வகுப்பில் வெறும் மனப்பாடமாக இருந்தது, அரியாங்குப்பம் வருவதற்குள் புரிந்துவிட்டது.

அப்புறம் ஒன்று சொன்னீர்கள்: "ரூட் கேனாலுக்கு வர்றவங்க வலி நின்னதும் பாதியிலேயே நிறுத்திடுவாங்க. நீதான் போன் பண்ணிக் கூப்பிடணும் பாப்பா." பயிற்சிக்குப் போகும் கிளினிக்கில் அந்தப் போன்களைத்தான் முதலில் போடுகிறேன். ரொம்ப நன்றி அக்கா.