என் ரிப்போர்ட்டில் உன் தவணை

அன்புள்ள கதிருக்கு,

மாடி ஒழுகுகிறது என்று சொன்னேன் இல்லையா, தளம் போட லோன் கேட்கலாம் என்று போன வாரம் பேங்க்குக்குப் போனேன். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஸ்கோர் கொஞ்சம் இறங்கியிருக்கே மேடம்" என்றார். மளிகைக் கடையில்கூடப் பாக்கி வைக்காதவள் நான். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து பான் நம்பர், ஓடிபி எல்லாம் போட்டு சிபில் ரிப்போர்ட்டை எடுத்தேன். நாம் வாங்கின கடனை எப்படிக் கட்டினோம் என்ற கணக்கும், அதை வைத்துப் போடுகிற ஸ்கோரும் அதில்தான் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை முழு ரிப்போர்ட்டை இலவசமாகத் தர வேண்டும் என்று 2017 முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. இதே மாதிரி ரிப்போர்ட் தருகிற மற்ற கம்பெனிகளான எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க்கிலும் அப்படித்தான். நம்முடையதை நாமே பார்த்தால் ஸ்கோர் குறையாது. உனக்கு அந்தப் பயம் உண்டு, அதனால் சொல்கிறேன்.

300க்கும் 900க்கும் நடுவில் இருக்கிற அந்த எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடக் கூடாது. ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதாமாதம் ஒரு கட்டம் இருக்கிறது. ஒழுங்காகக் கட்டிய மாதத்துக்கு 000, இல்லாவிட்டால் எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு. உன் படிப்புக் கடனுக்கு நானும் கையெழுத்துப் போட்டவள், அதனால் அது என் பேரிலும் வருகிறது. வரிசையாக 000 பார்த்துக்கொண்டே வந்தேன். ஆகஸ்டில் 026. செப்டம்பரில் 056. அக்டோபரிலிருந்து மறுபடி 000.

அந்த தீபாவளிக்குத்தான் எனக்குப் பச்சைப் புடவை அனுப்பினாய்.

சரி, உன் ரிப்போர்ட்டையும் எடுத்துப் பார். பேர், பான், விலாசம் சரியா, உனக்குத் தெரியாத கடன் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார். தப்பிருந்தால் ஆன்லைனிலேயே புகார் போடலாம். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் அதற்குப் பிறகு நாளுக்கு 100 ரூபாய் உனக்குத் தர வேண்டும். யாராவது போன் செய்து "பாதி கட்டுங்க, செட்டில் பண்ணிடலாம்" என்றால் தலையாட்டிவிடாதே. ரிப்போர்ட்டில் முழுசாகக் கட்டி முடித்த 'குளோஸ்டு' என்று வராது, குறைத்துக் கட்டிய 'செட்டில்டு' என்று வரும். அடுத்த லோனுக்குப் போகும்போது அந்த ஒரு வார்த்தையைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள்.

நம்முடைய 056 உண்மை, அதை அழிக்கச் சொல்ல முடியாது. மாடியில் தார்ப்பாய் விரித்திருக்கிறேன், இந்த மழைக்குத் தாங்கும். அந்த ரெண்டு மாசம் சம்பளம் வரவில்லையா? சாப்பாட்டுக்கு என்ன செய்தாய்? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, அப்பா தூங்கின பிறகு.

அம்மா