பிடிக்க வேண்டாம், திருப்பி அனுப்புங்கள்

பினாங்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எல்லை தாண்டி மீன் பிடித்தார் என்று இலங்கையில் பிடித்துவைத்த மச்சானை விட்டுவிட்டார்கள், படகுதான் இன்னும் அங்கே நிற்கிறது என்று எழுதியிருந்தாய். ஆள் வீடு வந்து சேர்ந்தாரே, அதுவே பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்துவிட்டது.

உங்கள் பக்கமும் இந்தக் கடல் எல்லைத் தொல்லை உண்டா என்று கேட்டிருந்தாய். உண்டு. மீனுக்கும் மற்ற கடல் வளத்துக்கும் ஒரு நாடு கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உரிமை கேட்கலாம். மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் நடுவே இருக்கும் மலாக்கா நீரிணையில் ஆளுக்கு அவ்வளவு கேட்டால் கடலே போதாது. 1969இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் கடலடித் தரைக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டன. மேலே இருக்கும் தண்ணீருக்கும் மீனுக்கும் அதே கோடுதான் என்கிறது மலேசியா. தண்ணீருக்கு நடுவாக வேறு கோடு வேண்டும் என்கிறது இந்தோனேசியா. இரண்டு கோட்டுக்கும் இடையில் வலை போடுகிறவன் பாடு திண்டாட்டம். 2023 ஒப்பந்தம்கூட நீரிணையின் தென்கோடியில் கரையோரக் கடலைத்தான் பிரித்தது.

ஆனாலும் 2012இல் இரு நாடும் செய்துகொண்ட உடன்பாடு எனக்குப் பிடித்தது. எல்லை தீராத இடத்தில் மீன்பிடிப் படகைக் கண்டால் சோதித்துவிட்டு, வெளியேறச் சொல்லி அனுப்ப வேண்டும். வெடி, மின்சாரம், ரசாயனம் வைத்துப் பிடிப்பவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது. அதன் பிறகும் கைதுகள் நடக்கத்தான் செய்கின்றன. ஆனால் பிழைக்க வந்தவனையும் கடலை அழிப்பவனையும் அந்த உடன்பாடு பிரித்துப் பார்க்கிறது.

உங்கள் பக்கம் பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் இந்தியாவும் இலங்கையும் செய்த 1974, 1976 ஒப்பந்தங்களோடு கோடு முடிந்த கதை. இருந்தாலும் வயிற்றுப்பாட்டுக்குக் கோடு தாண்டியவரைச் சிறையில் போடாமல் திருப்பி அனுப்பும் வழக்கம் அங்கேயும் வர வேண்டும். கடலடியை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி வலைக்கு மட்டும் என்னால் பரிந்து பேச முடியவில்லையடா. 2009இல் போர் முடிந்து, கடன் வாங்கி வலை வாங்கிய யாழ்ப்பாணத்துக்காரரும் நம் சனம்தானே? அந்த வலையை நம் விசைப்படகு ஒரே ராத்திரியில் அறுத்துக்கொண்டு போகிறது. 2017இல் இலங்கை இழுவைமடியைச் சட்டம் போட்டே தடுத்துவிட்டது. இங்கேயும் 60களில் இழுவைப்படகு வந்து, கரையோர மீனவர்களோடு மோதி உயிர்கள் போயின. பிறகுதான் கரையை ஒட்டிய 5 கடல் மைலைச் சிறு வலைக்காரர்களுக்கு ஒதுக்கினார்கள்.

இழுவைப்படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் பிடிக்கும் படகுக்கு மாற அரசு மானியம் கொடுக்கும் திட்டம் 2017இலேயே வந்ததே, மச்சான் விசாரித்தாரா? கைக்காசு குறைந்தால் எனக்கு எழுது, முடிந்ததை அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்