லக்மான் பாக்கெட் நூடுல்ஸில் வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் ‘மாட்டுக்கறி லக்மான்’ செய்முறை வந்திருந்தது. மத்திய ஆசியச் சமையலை நம் வாசகர்களிடம் கொண்டுவந்ததற்குப் பாராட்டுகள். ஆனால் அதில் மூன்று இடங்களில் பெரிய பிழை இருக்கிறது. நூடுல்ஸுக்குப் பாக்கெட்டே போதும் என்றது ஒன்று. கறியை இஞ்சி பூண்டு விழுதும் கரம் மசாலாவும் போட்டு குக்கரில் நான்கு விசில் விடச் சொன்னது இன்னொன்று. வீட்டில் மாவு பிசைபவர்கள் சமையல் சோடா சேர்க்கலாம் என்ற வரி மூன்றாவது. அந்தக் குறிப்பின்படி செய்தால் கிடைப்பது கறிக்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். முதல் முறை சாப்பிடுபவர்கள் இதுதான் லக்மான் என்று நம்பிவிடுவார்களே என்பதுதான் வருத்தம்.

பெயரிலேயே செய்முறை இருக்கிறது. சீன மொழியில் ‘லா’ என்றால் இழு. ‘மியென்’ என்றால் மாவு, நூடுல்ஸ் இரண்டும். இழுத்த மாவுதான் லக்மான். இதைத் தங்கள் உணவாகவே ஆக்கிக்கொண்ட உய்குர் மக்கள் பேசுவது துருக்கியக் குடும்பத்து மொழி. தமிழைப் போலவே அந்த மொழிகளிலும் ‘ல’வில் தொடங்கும் சொந்தச் சொல் கிடையாது. ஆகவே பெயரைக் கேட்டதுமே இரவல் சொல் என்று தெரிந்துவிடும். வடமேற்குச் சீனாவில் அவர்கள் வாழும் ஷின்ஜியாங்கின் காஷ்கர், குல்ஜா பகுதிகளிலிருந்து இது மேற்கே பரவியது. 1877-78 குளிர்காலத்தில் தியென் ஷான் மலையைக் கடந்து வந்த துங்கன்களும் (சீன மொழி பேசும் முஸ்லிம்கள்), 1881க்குப் பிறகு ஈலி பள்ளத்தாக்கை விட்டு வந்த உய்குர்களும் இந்தக் கைப்பக்குவத்தைக் கொண்டுவந்தார்கள். இன்று கசகஸ்தானின் அல்மாட்டியிலும் கிர்கிஸ்தானின் பிஷ்கெக்கிலும் தெருவுக்குத் தெரு லக்மான் கடை உண்டு. ஷின்ஜியாங்கில் ஆட்டுக்கறி அதிகம்; கசக், கிர்கிஸ் நகரங்களில் மாட்டுக்கறி சகஜம்.

முதலில் மாவைப் பார்ப்போம். வீட்டில் செய்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான்.

நான்கு பேருக்கு மைதா 500 கிராம், தண்ணீர் 250 முதல் 260 மில்லி, உப்பு 10 கிராம். பாக்கெட்டின் பின்பக்கம் புரதம் எவ்வளவு என்று பாருங்கள். 100 கிராமுக்கு 11 கிராமாவது இருக்கும் மைதா நல்லது. 9 கிராம் மைதா பிஸ்கட்டுக்கு ஆகும், இழுக்க ஆகாது. கோதுமை மாவு சத்தானது என்று பாதிக்குப் பாதி கலப்பவர்கள் உண்டு. அதிலுள்ள தவிட்டுத் துகள்கள் மாவின் இழையை ஆங்காங்கே அறுத்துவிடும். இரண்டு முழம் வருகிற மாவுக்கயிறு அரை முழத்திலேயே பிய்ந்துபோகும்.

உப்பைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட்டுத்தான் மாவில் ஊற்ற வேண்டும். உப்பு இங்கே ருசிக்கு மட்டும் போடுவதில்லை. மாவின் பசைப்புரதத்தை இறுக்கிக் கட்டுவது அதுதான். குறைந்தால் மாவு கையில் குழைந்து வடியும். வெயில் காலத்தில் பானைத் தண்ணீரோ ஃபிரிட்ஜ் தண்ணீரோ ஊற்றுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் மாவைச் சீக்கிரம் தளர்த்திவிடும். பத்து நிமிடம் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி அரை மணி நேரம் விடுங்கள். மறுபடி ஐந்து நிமிடம் பிசையுங்கள். முதல் தடவை சொரசொரப்பாக இருந்த மாவு இரண்டாம் தடவை தானாகவே காதுமடல் போல மெத்தென்று ஆகிவிடும். இன்னும் அரை மணி நேரம் மூடி வையுங்கள்.

பரோட்டா போடுகிறவர்களுக்கு அடுத்த கட்டத்தை விளக்கவே தேவையில்லை. உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறப்போட்டால்தான் வீச்சுக்கு மாவு வரும் என்பது அவர்களுக்குக் கைப்பாடம். லக்மானுக்கும் அதே நியாயம். உருண்டைக்குப் பதில் கயிறு. மாவை அரை அங்குல கனத்துக்குத் தட்டி, விரல் அகலப் பட்டைகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் எண்ணெய் தொட்ட கையால் உருட்டுங்கள். எண்ணெய் தடவிய தாம்பாளத்தில் நடுவிலிருந்து வெளியே முறுக்குச் சுற்றுவது போலச் சுற்றி அடுக்குங்கள். மேலேயும் எண்ணெய் தடவ வேண்டும். ஒரு விரற்கடை இடம் காய்ந்தாலும் அங்கே தோல் கட்டிக்கொள்ளும், இழுக்கும்போது சரியாக அங்கேதான் அறும். ஒரு மணி நேரம் கழித்து ஒவ்வொரு கயிறையும் பென்சில் கனத்துக்கு உருட்டி நீட்டி மறுபடி சுற்றி வையுங்கள். இன்னும் அரை மணி நேரம்.

ஊறல் போதுமா என்று பார்க்க ஒரு முனையை மெல்ல இழுத்து விடுங்கள். ரப்பர் போலச் சுருங்கி உள்ளே போனால் இன்னும் கால் மணி நேரம் தேவை. இழுத்த இடத்திலேயே நின்றால் பதம். இழுக்காமலே தன் கனத்தில் தொங்கினால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது மாவு சூடாகிவிட்டது. இருபது நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் ஓரளவு தேறும். அவசரப்பட்டுப் பலமாக இழுப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. மாவு இறுக்கம் விட்டால்தான் நீளும். அந்த இறுக்கத்தை விடவைப்பது நேரம். கைப்பலத்தால் அது நடக்காது.

பதம் வந்த கயிறை இடது கைப் பெருவிரலில் மாட்டி, வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே விட்டு உருவிக்கொண்டே இரண்டு கையிலும் சுற்றுங்கள், நெசவுக்கு நூல் சிட்டம் போடுவது போல. ஆறேழு சுற்று வந்ததும் கைகளை அகட்டி, நடுப்பகுதியை மேடைக்கல்லில் ‘டப் டப்’ என்று அடியுங்கள். ஒவ்வொரு அடிக்கும் கைகள் தாமாக விலகும். சுற்றுகள் ஒரே சீராக மெலியும். 3 மில்லிமீட்டர் வந்ததும் நிறுத்திவிடுங்கள். வெந்தால் உப்பி 4, 5 ஆகும். முதல் நாள் சில இடங்கள் மெலிந்தும் சில இடங்கள் தடித்தும் வரும். அறுந்த துண்டுகளையும் வீணாக்காமல் கொதிநீரில் போடுங்கள், ருசியில் குறையிருக்காது.

சோடா பற்றி. இழுக்கும் மாவில் சோடா போன்ற காரப்பொருள் சேர்ப்பதே இல்லை என்று சொல்ல முடியாது. சீனாவின் லான்சோ நகரத்து மாட்டிறைச்சி நூடுல்ஸுக்குப் பாலைச் செடியை எரித்த காரச்சாம்பல் போடுவது பழைய வழக்கம். உஸ்பெக், துங்கன் கடைகளிலும் உப்பும் சோடாவும் கரைத்த நீரை மாவின்மேல் தடவி இழுப்பார்கள். அது முழு மாவையும் ஒரே மூச்சில் இழுத்து மடித்து இழுக்கும் தொழில்முறை. எண்ணெயில் இரண்டு தடவை ஊறிய கயிறுக்கு அந்த உதவி வேண்டியதில்லை. வீட்டில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா போட்டால் மாவு மஞ்சளிக்கும், வாயில் சோடா நெடி நிற்கும்.

வேகவைக்க அகலமான பாத்திரத்தில் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு. தளதளவென்று கொதிக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்கான நூடுல்ஸ் மட்டும். நான்கு பேருக்கும் ஒன்றாகப் போட்டால் கொதி அடங்கிவிடும், மாவு கரைந்து ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாகும். மேலே மிதந்த பிறகு ஒன்றரை நிமிடம் போதும். உடனே குளிர்ந்த நீரில் அலசி வடித்து, ஒரு கரண்டி எண்ணெய் பிசறி வையுங்கள். அலசுவது மேலே படிந்த கஞ்சியைப் போக்கத்தான். பரிமாறும்போது சல்லடையில் வைத்துக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கினால் சூடாகிவிடும்.

அடுத்தது கறி. எந்தக் கறி கிடைக்கிறதோ அதற்கேற்ற லக்மான் என்று முடிவு செய்யுங்கள். ‘அண்டர்கட்’ (முதுகெலும்பை ஒட்டிய மென்மையான கறி) கிடைத்தால் வதக்கல் லக்மான். தொடைக்கறியோ முற்றிய கறியோ கிடைத்தால் உஸ்பெக் பாணியில் குழம்பாக. இரண்டையும் குழப்பினால்தான் குக்கர் தேடவேண்டி வருகிறது. குக்கரில் நான்கு விசில் விட்ட அண்டர்கட் நார் நாராகப் பிரிந்து, சாறெல்லாம் வெளியே போய்ச் சக்கையாகக் கிடக்கும்.

வதக்கலுக்கு 400 கிராம் அண்டர்கட். ஃபிரீசரில் முக்கால் மணி நேரம் வைத்தால் கத்திக்கு நிற்கும். நாருக்குக் குறுக்கே 3 மில்லிமீட்டர் கனத்தில், சுண்டுவிரல் நீளத் துண்டுகளாக வெட்டுங்கள். நாரின் போக்கிலேயே வெட்டினால் எத்தனை நல்ல கறியும் பல்லில் சிக்கும். கழுவிய கறியைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குவது முக்கியம்.

இரும்பு வாணலியில் 80 மில்லி எண்ணெய். புகை கிளம்பும்போது பாதிக் கறியை மட்டும் போட்டு ஒன்றரை நிமிடம் புரட்டி எடுத்துவிடுங்கள், பிறகு மீதி. வீட்டு அடுப்பின் தழல் அவ்வளவுதான் தாங்கும். 400 கிராமையும் ஒன்றாகக் கொட்டினால் வாணலி குளிர்ந்து, கறி தண்ணீர் விட்டு அதிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். அந்தத் தண்ணீர் வற்றும் வரை காத்திருந்தால் கறி ரப்பராகிவிடும்.

அதே எண்ணெயில் நீளமாக நறுக்கிய பெரிய வெங்காயம் 2, காய்ந்த மிளகாய் 3, ஓர் அன்னாசிப்பூ. ஓரம் சிவந்ததும் தட்டிய பூண்டு 8 பல். பழுத்த தக்காளி 3 போட்டு எண்ணெய் பிரியும்வரை வதக்குங்கள். பிறகு தீக்குச்சி கனத்தில் அரிந்த முள்ளங்கி 100 கிராம், ஓரங்குல காராமணிக்காய் 100 கிராம். எலும்பு வேகவைத்த சாறு 300 மில்லி, சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டி. மூடாமல் ஆறு நிமிடம். மூடினால் முள்ளங்கி நெடி உள்ளேயே தங்கிவிடும். சிவப்பு, பச்சை குடைமிளகாய் ஒவ்வொன்று கடைசி இரண்டு நிமிடத்தில், கடிபடும் பதத்தில் இருக்க வேண்டும். அங்கே ‘ஜூசாய்’ என்ற பூண்டு மணக்கும் தாள் போடுவார்கள். இங்கே வெங்காயத்தாள் போட்டு, ஒரு பல் பூண்டைக் கூடுதலாகத் தட்டிச் சேர்த்தால் ஏறக்குறைய அந்த மணம் வரும். எடுத்து வைத்த கறியைச் சேர்த்து, வினிகர் இரண்டு தேக்கரண்டி விட்டு உடனே இறக்குங்கள். சாறு தட்டில் தேங்கி நிற்க வேண்டும். கெட்டியான கிரேவி நூடுல்ஸில் இறங்காது. கரம் மசாலா போட்டால் இத்தனை காய்களின் மணமும் அதற்குள் மறைந்துவிடும்.

தொடைக்கறி என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் சதுரங்களாக வெட்டிச் சிவக்க வறுத்து, வெங்காயம், தக்காளி சேர்த்து, ஒன்றரை லிட்டர் வெந்நீர் ஊற்றிச் சிறு தீயில் ஒன்றேகால் மணி நேரம். எருமைக்கறியானால் இரண்டு மணி நேரம்கூட ஆகும். காய்களைக் கடைசிக் கால் மணி நேரத்தில் போட்டால் போதும். இதற்கு உஸ்பெக்குகள் கொஞ்சம் சீரகமும் சேர்ப்பார்கள். ஆழமான கிண்ணத்தில் நூடுல்ஸ் வைத்து மேலே ஊற்றுங்கள்.

தொட்டுக்கொள்ள ‘லாசா’ என்ற மிளகாய் எண்ணெய் இல்லாமல் தட்டை வைப்பதில்லை. கொரகொரப்பான மிளகாய்த்தூள் 3 மேசைக்கரண்டி, தட்டிய பூண்டு 4 பல், உப்பு அரைத் தேக்கரண்டி. 100 மில்லி எண்ணெயைக் காய்ச்சி இறக்கி, ஒரு சிட்டிகை தூள் போட்டுப் பாருங்கள். நுரைத்துச் சிவந்தால் ஊற்றலாம். கறுத்தால் இன்னும் ஒரு நிமிடம் ஆறட்டும், இல்லையென்றால் மொத்தமும் கசக்கும். ஆறியதும் ஒரு தேக்கரண்டி வினிகர். எண்ணெயில் மூழ்கிய பூண்டை வெளியே வைப்பது ஆபத்து. காற்றில்லாத இடத்தில் வளரும் நச்சுக்கிருமிக்கு அது வசதியான இடம். ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளில் தீர்த்துவிடுங்கள்.

மிஞ்சிய நூடுல்ஸையும் மிஞ்சிய சாற்றையும் மறுநாள் வாணலியில் ஒன்றாக வதக்கினால் அதற்கும் ஒரு பெயர் உண்டு: போசோ லக்மான். கிர்கிஸ் கடைகளில் அதைத் தனியாகவே கேட்டு வாங்குவார்கள்.

அடுத்த இணைப்பிதழில் திருத்தம் வெளியிட இடம் குறைவு என்றால், கறி பற்றியதைக்கூட விட்டுவிடலாம். மைதா 500 கிராம், தண்ணீர் 250 மில்லி, உப்பு 10 கிராம், எண்ணெயில் ஒன்றரை மணி நேர ஊறல், சோடா வேண்டாம் என்ற ஒரு வரியை மட்டுமாவது தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஆம்பூர்