மூன்றாவது சேவல்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கிவிட்டு, “மூன்று சேவலையும் வைத்துக்கொள்ளலாமா?” என்பதைக் கடைசி வரியில் நுழைத்திருக்கிறாய். முழங்காலுக்கு என்னிடம் மருந்தில்லை. சேவல் விஷயத்தில் பேச நிறைய இருக்கிறது.

எத்தனை பெட்டை வைத்திருக்கிறாய் என்று நீ எழுதவே இல்லை. ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் மூன்றுக்கு முப்பது. உன் ஐந்து சென்ட் மனையில் முப்பது கோழி எங்கே மேயும்? சேவல்கள் சண்டை போட்டுக்கொள்ளுமோ என்பதுதான் உன் பயம். அவை எப்படியோ தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். அவதிப்படுவது பெட்டைகள்தான். நாளைக் காலையில் கூண்டைத் திறந்ததும் ஒவ்வொரு பெட்டையாகப் பிடித்து முதுகைப் பார். சேவல் இணைசேர ஏறி மிதிக்கும்போது அலகால் பிடரி இறகைக் கவ்விக்கொள்ளும், நகங்களை முதுகில் ஊன்றும். எல்லாப் பெட்டையையும் ஒன்றுபோல மிதிப்பதும் இல்லை. மூன்று சேவலுக்கும் கண் அதே ஒன்றிரண்டின் மேல்தான் இருக்கும். அவற்றின் முதுகு வெறுந்தோலாகிவிடும். கால்முள் பட்டால் விலா கிழியும். முறிந்த இறகு அடுத்த இறகுதிர் காலம் வரை முளைக்காது. முதுகில் தோல் தெரிகிறது என்றால் சேவல் அதிகம் என்று அர்த்தம், பெட்டை எத்தனை இருந்தாலும் சரி.

“நீ மட்டும் மூன்று வைத்திருக்கிறாயே” என்பாய். என்னுடைய மூன்றாவது, கருப்பருக்கு நேர்ந்துவிட்டது. பேரனுக்குக் காய்ச்சல் கண்டபோது உன் தங்கச்சி வேண்டிக்கொண்டாள். ஆடிப் படையல் வரைக்கும் அதன் மேல் யாரும் கை வைக்க முடியாது. அந்த விவரம் அதற்கும் தெரியும் போலிருக்கிறது. திண்ணை வரை வந்து என் தட்டை எட்டிப் பார்க்கிறது.

மற்ற இரண்டில் பெரியவன் செவலை. அவன் மண்ணைக் கிளறி ஒரு புழுவைக் கண்டுவிட்டால் தின்ன மாட்டான். “கொக் கொக் கொக்” என்று அடித்தொண்டையில் கூப்பிட்டுக்கொண்டே புழுவை எடுப்பதும் கீழே போடுவதுமாக நிற்பான். பெட்டைகள் ஓடி வந்து கொத்திக்கொள்ளும். சின்னவன் சாம்பல். அவன் வெறும் மண்ணைக் கொத்திக்கொண்டே அதே குரல் கொடுப்பான். அருகில் வரும் பெட்டைக்குப் புழு கிடைக்காது, மிதிதான் கிடைக்கும். பெட்டைகளும் இப்போது விவரமாகிவிட்டன, அவன் கூப்பிட்டால் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

கூவுவதிலும் வரிசை உண்டு. ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் இதைக் கவனித்து 2015-இல் வெளியிட்டிருக்கிறார்கள். சேர்ந்து வாழும் சேவல்களில் மூத்த இடத்தில் இருப்பதுதான் விடியலில் முதலில் கூவும். மற்றவை தத்தம் இடத்துக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். தலைவனை அப்புறப்படுத்தினால் அடுத்தவன் அந்த வேலையை எடுத்துக்கொள்வான். இதைப் படித்த பிறகு, விழிப்பு வந்தாலும் எழாமல் கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறேன். செவலை, பிறகு சாம்பல், பிறகு கருப்பரின் சேவல். வரிசை தவறுவதில்லை. பெரியவன் காலில் ஆணி வந்து பஞ்சாரத்துக்குள், அதுதான் கோழியை மூடும் கூடைக்குள், கிடந்த நாட்களிலும் அவன்தான் முதலில் கூவினான். உன் பக்கத்து வீட்டுக்காரருக்கு இந்த ஆராய்ச்சி ரசிக்காது. ஒன்று தொடங்கினால் மூன்றும் தொடரும் என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் பலன்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு போதும். ஒன்றைக் கீரி கொண்டுபோனாலும், வெள்ளைக்கழிச்சல் நோய் கொண்டுபோனாலும் இன்னொன்று இருக்கும். மூன்றாவதை நீ வைத்திருப்பது பாசத்தால்தான், அதற்கு விலை கொடுப்பது உன் பெட்டைகள். பெட்டை பத்துக்கும் குறைவு என்றால் இரண்டுகூட அதிகம். முட்டை மட்டும் போதும், குஞ்சு வேண்டாம் என்றால் சேவலே தேவையில்லை. அது இல்லாமலும் பெட்டை முட்டையிடும்.

எதை வைத்துக்கொள்வது என்று கேட்பாய். கொண்டை அழகைப் பார்க்காதே. பருந்து நிழல் பட்டதும் குரல் கொடுப்பவனை, தீனியைப் பெட்டைகளுக்கு விட்டுக்கொடுப்பவனை வைத்துக்கொள். உன் பேத்தியின் காலைக் கொத்தப் பாய்பவன் எவ்வளவு ராஜ நடை நடந்தாலும் குழம்புக்குத்தான். நல்லவனின் குஞ்சுதான் வேண்டுமென்றால் மற்றவற்றைப் பிரித்து, மூன்று வாரம் கழித்து இடும் முட்டையை அடைக்கு வை. பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கும்.

உன் சேவல் மூன்றும் ஒரே அடையில் பொரித்து ஒன்றாய் வளர்ந்தவை என்பதால் இதுவரை அடங்கிக் கிடக்கின்றன. ஒன்றைப் பல நாள் தனியே கட்டிப்போட்டுத் திரும்ப விடாதே, மற்றவை அதை அந்நியனாகத்தான் வரவேற்கும். தீனித் தட்டையும் தண்ணீரையும் இரண்டு இடத்தில், ஒன்றிலிருந்து ஒன்று தெரியாதபடி வை. தோற்றவன் பட்டினி கிடக்காமல் இருக்க அதுதான் வழி. ஒருவன் தலை தாழ்த்தி விலகிவிட்டால் குறுக்கே போகாதே. கொண்டையில் ரத்தம் வந்துவிட்டால் உடனே பிரித்துவிடு, சிவப்பைக் கண்டால் மற்ற கோழிகளும் அங்கேயே கொத்தும். கால்முள்ளை நுனியில் மட்டும் அரம் வைத்துத் தேய். உள்ளே எலும்பும் ரத்தமும் இருக்கிறது, ஒட்ட வெட்டாதே.

கழித்துக்கட்டும் சேவலைக் கறிக்குக் கொடு. சண்டைக்குக் கேட்டு யாராவது கூடுதல் விலையோடு வருவான், கொடுத்துவிடாதே. விலங்குகளை மோதவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் கிடக்கட்டும், கையில் தீனி தின்று வளர்ந்ததை அங்கே அனுப்ப எனக்கு மனம் வராது.

இங்கே மழை பரவாயில்லை, கண்மாய் பாதி நிறைந்திருக்கிறது. உனக்காக மூங்கில் பஞ்சாரம் ஒன்று முடையச் சொல்லியிருக்கிறேன். தை மாதம் வரும்போது எடுத்துப்போ. பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் போடுவார்கள், சில்லறை வைத்துக்கொள்.

அன்புடன்,
ராமசாமி